பிரசவ வார்டுல வேலை பார்க்குற டாக்டரம்மாக்களுக்கும் சிஸ்டர்மாருக்கும்: காப்பர்டி போட்டா எங்ககிட்ட சொல்லிட்டுப் போடுங்க

அன்புள்ள டாக்டர் மேடங்களுக்கும், சிஸ்டருங்களுக்கும், ஊர் ஊரா நோட்டைத் தூக்கிட்டு அலையுற கிராம சுகாதார நர்ஸம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் ரெண்டு பிள்ளைக்கு அம்மா. ரெண்டுமே சிசேரியன். குழந்தை நிக்காம இருக்க கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன சாமான் தான் காப்பர்டி, அதைப் பத்தின இந்த லெட்டரை யாரையும் வேலையை விட்டுத் தூக்கணும்னோ கேஸ் போடணும்னோ எழுதல. அப்படி நினைச்சிருந்தா 2021லயே போட்டிருப்பேன். எனக்கு நடந்தது இப்பவும் யாருக்கோ நடந்துட்டு இருக்கும்னு தோணிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

என் பொண்ணு 2018 ஆகஸ்ட்ல பிறந்தா. வலி வந்து ஒரு ராத்திரி முழுக்க பார்த்துட்டு, குழந்தைக்கு துடிப்பு குறையுதுன்னு அவசரமா தியேட்டருக்குள்ள கொண்டு போனாங்க. வெளிய எங்கம்மாகிட்டயும் என் வீட்டுக்காரர்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க, என்கிட்டயும் ஒரு பேப்பர்ல வாங்கினாங்க, அந்த வலியில அதுல என்ன எழுதிருந்துச்சுன்னு நான் எங்க படிச்சேன். முதுகுல ஊசி போட்டாங்க, குழந்தை அழுதுச்சு, பொம்பளைப் பிள்ளைன்னு காட்டினாங்க. அஞ்சாறு நாள் கழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆபரேஷன் பண்ணினவங்க மேல எனக்கு இன்னிக்கும் மரியாதை தான், என் பொண்ணை உயிரோட எடுத்துக் குடுத்தவங்க அவங்க.

அதுக்கப்புறம் மாசாமாசம் தீட்டு வந்தா ஏழு நாள் எட்டு நாள், கட்டி கட்டியா போகும். முன்னாடி எனக்கு நாலு நாள் தான். குழந்தை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், ரத்த அளவு, அதான் ஹீமோகுளோபின், பார்த்தா எட்டுக்கும் கீழ. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்பு மாத்திரைன்னு ஓடிச்சு.

2021 பொங்கலுக்கு அப்புறம் ரெண்டாவது குழந்தைக்குப் பார்க்கலாம்னு முடிவு பண்ணினோம். நிக்கல. மூணு மாசம், அஞ்சு மாசம், நிக்கவே இல்ல. பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனோம், ஸ்கேன் எதுவும் எடுக்காம ஃபோலிக் ஆசிட் மாத்திரை குடுத்து வெயிட் குறைக்கச் சொன்னாங்க. திருக்கருகாவூர் போய் அம்மன்கிட்ட நெய் வாங்கிட்டு வந்து 48 நாள் நானும் அவரும் சாப்பிட்டோம். அவரைக் கூட்டிட்டுப் போய் விந்து டெஸ்ட் எடுத்தோம், அதுக்கு அவர் எவ்ளோ கூனிக்குறுகிப் போனார்னு எனக்குத்தான் தெரியும், ரிசல்ட் நார்மல். அப்போ குறை என்கிட்ட தான்னு ஆயிடுச்சு. மாமியார் வாய் திறந்து ஒண்ணும் சொல்லல, ஆனா கல்யாண வீட்டுல யாராவது "அடுத்தது எப்போ"ன்னு கேட்டா என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்குவாங்க.

நவம்பர்ல வேற ஒரு டாக்டரம்மா முதல் நாளே ஸ்கேன் டேபிள்ல படுக்க வச்சாங்க. ஸ்க்ரீனைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாங்க. "ஏம்மா, காப்பர்டி உள்ள வச்சுக்கிட்டு குழந்தை வரலன்னு வந்திருக்கியே"ன்னு கேட்டாங்க. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நான் போடவே இல்லையே மேடம்னு சொன்னேன், நாலஞ்சு தடவை சொன்னேன். அவங்க பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்துட்டு கடைசிப் பக்கத்துல விரலை வச்சுக் காட்டினாங்க. இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரைக்கு மேல இங்கிலீஷ்ல ஆறு எழுத்து. பி.பி.ஐ.யு.சி.டி. பிரசவம் ஆன உடனே போடுற காப்பர்டிக்கு அதுதான் பேராம். அந்தப் பேப்பரை மூணு வருஷமா பீரோவுல பத்திரமா மடிச்சு வச்சிருந்தேன்.

இதுல என் மனசை அறுக்குற விஷயம் இன்னொண்ணு இருக்கு. 2020 லாக்டவுன்ல என் நாத்தனாருக்கு நடந்தது. அவ தெரிஞ்சே, சம்மதிச்சே காப்பர்டி போட்டுக்கிட்டவ. மாசம் தள்ளிப்போனப்போ அதான் உள்ள காப்பர்டி இருக்கேன்னு அவ கண்டுக்கல, பஸ்ஸும் கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம். மூணரை மாசம் ஆகும்போது காய்ச்சலும் குளிரும் வந்துச்சு, கொண்டு போனா முதல்ல கொரோனா டெஸ்ட் தான் எடுத்தாங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியா படுக்க வச்சாங்க. அதுக்குள்ள அடிவயித்து வலி, நாத்தமா நீர், ரத்தம். கர்ப்பப்பைக்குள்ள காப்பர்டியோட குழந்தை இருந்திருக்கு, கிருமி பிடிச்சு கலைஞ்சு போச்சு. ஐசியூல கிடந்து பிழைச்சு வந்தா. அன்னிக்கு அவ தலைமாட்டுல உட்கார்ந்துக்கிட்டு, நல்லவேளை நம்ம இதைப் போட்டுக்கலன்னு நான் நினைச்சேன். அதே சாமான் அப்போ என் வயித்துக்குள்ள தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் எங்க தெருவுல ஒருத்தி கூட காப்பர்டி போட்டுக்கல. அது நெஞ்சுக்கு ஏறிடும், மலடாக்கிடும், புருஷனுக்குக் குத்தும்னு ஆளாளுக்கு ஒரு கதை. நர்ஸம்மா வீடு வீடா வந்து பேசினாலும் யாரும் கதவைத் திறக்கல. அந்த நர்ஸம்மா மேல என்ன தப்பு, சொல்லுங்க. வார்டுல சொல்லாம விட்டதுக்கு அவங்க தெருவுல பேச்சு வாங்குறாங்க.

நான் ஸ்கேன்ல பார்த்த அன்னிக்கு அப்புறம் கிடைச்சதெல்லாம் படிச்சேன், அந்த டாக்டரம்மாகிட்டயும் கேட்டுக் கேட்டு நச்சரிச்சேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் விஷயம் இதுதான், உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஆனா எங்களுக்கு ஏன் சொல்லலைங்கிறது தான் என் கேள்வி.

காப்பர்டியில 380ஏங்கிற வகை பத்து வருஷம் வேலை செய்யும், 375ங்கிற வகை அஞ்சு வருஷம். ரெண்டையும் அரசாங்கம் இலவசமா தான் தருது. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிஷத்துக்குள்ளயோ, சிசேரியன்ல வயித்தைத் தைக்கிறதுக்கு முன்னாடியோ, இல்லன்னா 48 மணி நேரத்துக்குள்ளயோ போடலாம், அதைத் தாண்டிட்டா ஆறு வாரம் கழிச்சுத் தான் போடணும். பிரசவம் ஆன உடனே போட்டா தானா வெளிய விழுந்துடுற வாய்ப்பு பின்னாடி போடுறதை விட அதிகம். விழுந்தது தெரியலன்னா அவ காப்பர்டி இருக்குன்னு நம்பிட்டு இருப்பா, அடுத்த குழந்தை வந்து நிக்கும். தண்ணிக்குடம் உடைஞ்சு 18 மணி நேரத்துக்கு மேல ஆனவங்களுக்கு, உள்ள கிருமி இருக்குறவங்களுக்கு, ரத்தப்போக்கு நிக்காதவங்களுக்கு அந்த நேரத்துல போடக்கூடாதுன்னு உங்க கைடுலைன்லயே இருக்கு. அதே கைடுலைன்ல முன்னாடியே பேசி சம்மதம் வாங்கணும், கையில கார்டு குடுக்கணும், ஆறாவது வாரம் செக் பண்ணணும்னும் இருக்கு. எனக்கு இதுல ஒண்ணு கூட நடக்கல. ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு நான் பிள்ளையைத் தூக்கிட்டுத் தான் வந்தேன், குழந்தைக்கு ஊசி போட்டாங்க, என்னை யாரும் பார்க்கல.

காப்பர்டியோட அடியில ஒரு நூல் தொங்கும், சிசேரியன்ல போடும்போது அந்த நூலை கர்ப்பப்பைக்குள்ளயே விட்டுடுவாங்களாம், பல பேருக்கு அது அப்புறமா தானா கீழ இறங்கும், சில பேருக்கு உள்ளயே சுருண்டு கிடக்கும். எனக்குச் சுருண்டு கிடந்துச்சு. அதனால தான் எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ எதுவுமே தட்டுப்படல. நூல் தெரியலன்னா ஸ்கேன் எடுக்கணும், ஸ்கேன்லயும் இல்லன்னா வயித்துக்கு எக்ஸ்ரே எடுக்கணும், ஏன்னா கர்ப்பப்பைச் சுவரைத் துளைச்சுக்கிட்டு வயித்துக்குள்ள போயிருக்கலாம். அப்படித் துளைக்கிறது ஆயிரத்துல ஒருத்தருக்கு நடக்குற மாதிரி அபூர்வம் தான், பால் குடுக்குற அம்மாவுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நடந்துச்சுன்னா குடலோடயோ மூத்திரப்பையோடயோ ஒட்டிக்கும், வயித்துல ஓட்டை போட்டு கேமரா விட்டுத் தான் எடுக்கணும். எனக்கு அவ்ளோ தூரம் போகல, காப்பர்டியோட ஒரு கை மட்டும் கர்ப்பப்பைச் சுவத்துல புதைஞ்சிருந்துச்சு, கீழ வழியா கேமரா விட்டு எடுத்தாங்க. மயக்க ஊசி, ஒரு நாள் ஆஸ்பத்திரி, பத்திரமா வச்சிருந்த பணமும் போச்சு.

என் நாத்தனாருக்குச் சொல்லியிருக்க வேண்டியது ரெண்டே வார்த்தை. நாள் தள்ளிப்போனா உடனே வா. காப்பர்டி நல்லா வேலை செய்யும், முதல் வருஷத்துல நூறு பேருக்கு ஒருத்தர் கூட கர்ப்பம் ஆக மாட்டாங்க, ஆனா அந்த ஒருத்தி யாருன்னு முன்னாடியே தெரியாதுல்ல. அப்படி நின்னுட்டா முதல்ல அது கர்ப்பப்பைக்குள்ள இருக்கா கருக்குழாய்ல இருக்கான்னு பார்க்கணும். காப்பர்டி இருக்கும்போது கர்ப்பமே அபூர்வம், ஆனா ஆன கர்ப்பத்துல குழாய்ல நிக்கிற பங்கு அதிகம், குழாய் வெடிச்சா உயிர் போயிடும். ஒரு பக்கம் அடிவயிறு வலிச்சு தலை சுத்தினா அது வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி குடிச்சுட்டு வீட்டுல இருக்கக் கூடாது. கர்ப்பப்பைக்குள்ள தான் நின்னுருக்கு, குழந்தை வேணும்னா, ஆரம்பத்துலயே நூல் தெரிஞ்சா காப்பர்டியை எடுத்துடணும். எடுக்கும்போது கலையுற வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஆனா எடுக்காம விட்டா கலையுறதும், கிருமி பிடிக்கிறதும், மாசம் நிறையாம பிறக்குறதும் ரொம்ப அதிகம். நூல் கிடைக்காம எடுக்க முடியலன்னாலும் அடிக்கடி செக்கப் வச்சு ஜாக்கிரதையா கொண்டு போய் பிரசவம் பார்த்தவங்க இருக்காங்க. காப்பர்டி பனிக்குடத்துக்கு வெளிய தான் இருக்கும், குழந்தைக்கு ஊனம் வரும்னு பேசுறதெல்லாம் பயமுறுத்துற பேச்சு. இதை மட்டும் அவளுக்கு யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தா, லாக்டவுனா இருந்தாலும் டூவீலர்லயாவது கூட்டிட்டுப் போயிருப்போமே.

கர்ப்பமும் இந்த நூலும் சேர்ந்தா என்ன ஆகும்னு உலகமே ஒரு தடவை பார்த்திருக்கு. அமெரிக்காவுல 1971லருந்து டால்கன் ஷீல்டுன்னு, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற வேற ஒரு கருத்தடைச் சாமான் வித்தாங்க. அதோட நூல் ஒரே இழையா இல்லாம நிறைய மெல்லிய இழையைச் சேர்த்து உறை போட்டது, விளக்குத் திரி எண்ணெய்யை இழுக்குற மாதிரி அது கிருமியை மேல இழுத்துச்சு. அதை வச்சுக்கிட்டு கர்ப்பமானவங்கள்ல பல பேருக்கு நாலு மாசம் அஞ்சு மாசத்துல சீழ் பிடிச்சு கலைஞ்சது, சில பேர் செத்தும் போனாங்க. 1974ல அங்க விற்பனையை நிறுத்தினாங்க. இப்ப நம்ம ஊர்ல போடுற காப்பர்டியில நூல் ஒத்தை இழை, திரி மாதிரி கிருமியை மேல இழுக்குற ஆபத்து அதுல இல்ல. இதையும் நான் எங்க தெருவுல சொல்லிட்டு தான் இருக்கேன்.

மலடாக்கிடும்ங்கிறதுக்கும் பதில் இருக்கு. மெக்சிகோவுல 1,895 பொம்பளைங்களை வச்சுப் பார்த்த ஆராய்ச்சி 2001ல வந்துச்சு, கருக்குழாய் அடைப்புக்குக் காரணம் காப்பர்டி இல்ல, கிளமிடியாங்கிற தொற்று தான் சம்பந்தப்பட்டிருக்குன்னு அதுல தெரிஞ்சுது. போட்ட முதல் மூணு வாரம் மட்டும் கிருமித்தொற்று கொஞ்சம் ஜாஸ்தி, ஏற்கனவே தொற்று இருக்குறவங்களுக்குப் போட்டா தான் பெரும்பாலும் பிரச்சனை. எடுத்துட்டா அடுத்த மாசமே கூட குழந்தை நிக்கும். எனக்கு 2021 நவம்பர்ல எடுத்தாங்க, ரெண்டே மாசத்துல நின்னுச்சு. பையன் 2022ல பிறந்தான். அப்படின்னா அந்த வருஷம் முழுக்க நான் அழுதது, அவர் கூனிக்குறுகினது, மாமியார் முகத்தைத் திருப்பினது எல்லாமே ஒரே ஒரு வரி சொல்லாததால. அதை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

உங்க பக்கத்துக் கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஒரு ராத்திரியில எத்தனை பிரசவம், எத்தனை பேர் கத்தல், ஒரு சிஸ்டர் எத்தனை பேரைத் தான் பார்ப்பாங்க. மேலருந்து மாசத்துக்கு எத்தனை காப்பர்டின்னு கணக்கு கேட்டுக்கிட்டே இருப்பாங்கன்னும் தெரியும். மத்திய அரசு திட்டத்துல பிரசவம் ஆன உடனே போடுறவங்களுக்கு 150 ரூபாய், போட்டுக்கிற அம்மாவுக்கு 300 ரூபாய்னு இருக்கு. காசு குடுக்குறதைக் குத்தமா சொல்லல. ஆனா கணக்குல ஏத்துறதுக்கு ஒரு நோட்டு இருக்குதே, போட்டவகிட்ட சொல்லியாச்சான்னு எழுதுறதுக்கு அதுல ஒரு கட்டம் இருக்கக் கூடாதா.

நீங்க நல்லதுக்குத் தான் செய்றீங்க. ஒண்ணரை வருஷத்துல அடுத்த பிள்ளை உண்டாகி, தையல் போட்ட கர்ப்பப்பை தாங்காம, ரத்தம் இல்லாம போய்ச் சேர்ந்த பொம்பளைங்களைப் பார்த்த கண்ணு உங்களுது. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாளேங்கிற பயம் உங்களுக்கு. சொல்லட்டுமே. தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல பொம்பளைங்களுக்கு ரத்தசோகைன்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது, காப்பர்டி போட்டா தீட்டு அதிகமாகும்னும் உங்களுக்குத் தெரியும், அப்போ எட்டுக்கும் கீழ போன என் ரத்தத்துக்கு எது காரணம்னு தெரிஞ்சுக்கிற உரிமை எனக்கு இருந்திருக்கணுமா இல்லையா. 2008ல சமீரா கோலி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒரு சிகிச்சைக்குக் குடுத்த சம்மதம் இன்னொண்ணுக்குச் செல்லாது, உயிரைக் காப்பாத்துற அவசரம்னா தவிரன்னு தெளிவா சொல்லிடுச்சு. நான் குழந்தையை எடுக்கத் தான் கையெழுத்துப் போட்டேன். காப்பர்டி போடலன்னா அன்னிக்கு நான் செத்திருக்க மாட்டேன்.

கிரீன்லாந்துன்னு பனி மூடின ஊரு, டென்மார்க் ஆளுகையில இருக்கு. அங்க 1966லருந்து அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கும் ஸ்கூல் படிக்கிற பிள்ளைங்களுக்கும் கூட கேட்காமலே லூப்புன்னு காப்பர்டி மாதிரி கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சாமானைப் போட்டிருக்காங்க, 1970க்குள்ள ஏறக்குறைய 4,500 பேர். நிறைய பேருக்கு வலி, தொற்று, சில பேருக்கு பிள்ளையே இல்லாம போச்சு, ஏன்னு தெரியாமலே வயசாயிடுச்சு. 2025 செப்டம்பர்ல டென்மார்க் பிரதமர் நேர்ல போய் மன்னிப்பு கேட்டாங்க. அந்தச் செய்தியை நான் அடுப்படியில நின்னு படிச்சேன், குழம்பு அடிப்பிடிச்சது கூட தெரியல. நம்ம ஊர்ல நடக்குறது அதே மாதிரின்னு நான் சொல்ல வரல, அங்க ஒரு சனத்துல பிள்ளை பிறக்குறதையே குறைக்கணும்னு செஞ்சாங்க. ஆனா ஸ்கேன் டேபிள்ல படுத்துக்கிட்டு, என் உடம்புக்குள்ள எனக்குத் தெரியாம ஒண்ணு இருந்திருக்குன்னு கேட்கும்போது வர்ற அந்தக் குளிர், அது அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணு தான்.

நான் கேட்குறது பெருசு இல்ல. வலியில கிடக்கும்போது கேட்காதீங்க, அஞ்சாம் மாசம் ஏழாம் மாசம் செக்கப்புக்கு வரும்போது உட்கார வச்சுக் கேளுங்க, அவகிட்டயே கேளுங்க, மாமியார்கிட்டயோ புருஷன்கிட்டயோ கேட்டா அது அவ சம்மதம் ஆகாது. வேண்டாம்னு சொன்னா திட்டாதீங்க. போட்டா, வீட்டுக்கு அனுப்புற பேப்பர்ல தமிழ்ல பெருசா, காப்பர்டி போட்டிருக்கு, இன்ன தேதி, இன்ன வருஷம் எடுக்கணும்னு எழுதுங்க. தடுப்பூசிக்கு வர்ற அன்னிக்கே அம்மாவையும் படுக்க வச்சு நூல் இருக்கான்னு பாருங்க, அதுக்குன்னு தனியா அவ பஸ் ஏறி வர முடியாது. எடுக்கணும்னு வந்தா எடுத்து விட்டுடுங்க. புருஷனைக் கூட்டிட்டு வா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், எல்லாருக்கும் தான் தீட்டு அதிகமா போகுதுன்னு திருப்பி அனுப்புன கதை எங்க தெருவுலயே நாலு இருக்கு. அப்புறம், குழந்தை நிக்கலன்னு வர்றவங்களுக்கு மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு ஒரு ஸ்கேன்.

பையன் பிறந்து ஆறு வாரம் தாண்டினதும், 2023 ஜனவரியில நானே போய் காப்பர்டி போட்டுக்கிட்டேன். எங்க வீட்டுல எல்லாரும் கத்தினாங்க, நாத்தனார் அழுதா. எனக்கு உடனே ஆபரேஷன் பண்ணிக்க மனசு வரல, மாத்திரை ஞாபகமா போட என்னால ஆகாது, ரத்தமும் அப்போ பதினொண்ணுக்கு வந்திருந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு சிஸ்டர் இருந்தாங்க. போடுறதுக்கு முன்னாடி ஒரு காப்பர்டியை எடுத்து என் உள்ளங்கையில வச்சாங்க. இவ்ளோ சின்னதான்னு கேட்டேன். தீட்டு அதிகமா போகலாம், முதல் மூணு மாசம் வலி இருக்கும், பால் குடுக்குறதால துளைக்கிற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அதனால மெதுவா தான் போடுவேன், வலிச்சா கையைப் பிடிச்சுக்கோன்னு சொன்னாங்க. நூலை எப்படி விரலால தொட்டுப் பார்க்கணும்னு காட்டினாங்க. நாள் தள்ளிப்போனா, காய்ச்சல் வந்தா, நூல் தட்டலன்னா உடனே வா, எடுக்கணும்னு தோணினா எப்ப வேணா வா, காரணம் சொல்லணும்னு இல்லன்னாங்க. ஒரு கார்டுல 2033 ஜனவரின்னு எழுதிக் குடுத்தாங்க, அதை பீரோவுல அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பக்கத்துல வச்சிருக்கேன்.

இத்தனையும் சொல்லி முடிக்க அந்த சிஸ்டருக்கு கால் மணி நேரம் கூட ஆகல. வெளிய பதினஞ்சு பேர் காத்துட்டு இருந்தாங்க.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா